கரண்ட் போனால் மீன் மேலே வருகிறதே, காற்று குறைந்தது அதற்கு எப்படித் தெரிகிறது?

தொட்டிக்கடை எழுதியது:

வணக்கம். கொளத்தூரில் கலர் மீன் கடை வைத்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷமாக. படிப்பு பத்தாவதோடு சரி. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் சிரித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அன்று எங்கள் தெருவில் போன கரண்ட் இரண்டு நாள் வரவில்லை. கடையில் 34 தொட்டி. ஏர் மோட்டார் அத்தனையும் நின்றுபோயின. பேட்டரி மோட்டார் இருந்தது நாலே நாலு. வெளியே முழங்கால் தண்ணீர், போய் வாங்கவும் வழியில்லை. நானும் கடைப்பையனும் ஆளுக்கொரு மக்கை எடுத்துக்கொண்டு, தொட்டி தொட்டியாகத் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி அதிலேயே திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தோம். மெழுகுவத்தி வெளிச்சத்தில் விடியும்வரை இதே வேலை. அப்புறம் ஒரு வாரம் தோள்பட்டை என் பேச்சைக் கேட்கவில்லை.

அந்த இரவில் பார்த்ததுதான் இன்றுவரை மண்டையைக் குடைகிறது. மோட்டார் நின்று கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கோல்டு ஃபிஷ் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே வந்து, தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு பக் பக் என்று அடிக்க ஆரம்பித்தன. பாட்டிலில் இருந்த ஃபைட்டர் மீன்கள் எந்தக் கவலையும் இல்லாமல் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. அவை எப்போதுமே அப்படித்தான், அது எனக்குத் தெரியும்.

தெரியாதது இது. கடை முகப்பில் பெரிய கண்ணாடித் தொட்டி. மூன்று ஏர் ஸ்டோன் போட்டு, பிள்ளைபோல் வளர்த்த ஒரண்டா என்ற உயர்ரக கோல்டு ஃபிஷ் பதினெட்டு. மறுநாள் காலை பதினாலு மிதந்தன. மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய சிமென்ட் தொட்டி. அதில் சாதாரண நாட்டு கோல்டு ஃபிஷ் அறுபதுக்கு மேல். அந்த மோட்டார் ஒரு வருஷமாகவே நூல் மாதிரி ஒரே ஒரு குமிழிதான் விட்டுக்கொண்டிருந்தது, மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று மாற்றவே இல்லை. அங்கே செத்தது இரண்டே இரண்டு. செல்லமாக வளர்த்தது போய்ச் சேர்ந்தது, சவலையாகக் கிடந்தது பிழைத்தது.

என் மகள் பிளஸ் டூவில் பயாலஜி எடுத்திருக்கிறாள். கேட்டால், "அப்பா, மீனுக்கு மட்டும் இல்லை, உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் ஆக்ஸிஜன் குறைந்தால் தெரியும்" என்கிறாள். எப்படித் தெரியும் என்றால் புத்தகத்தில் இல்லையாம். ஒன்று இருந்தால் தெரியும், சரி. உப்பு இருந்தால் நாக்குக்குத் தெரியும், சூடு இருந்தால் கைக்குத் தெரியும். இல்லாதது எப்படித் தெரியும்? நானாவது டெஸ்ட் கிட் வைத்துப் பார்க்கிறேன். கண்ணுக்கே தெரியாத ஒரு செல் எதை வைத்துப் பார்க்கும்? அந்த சிமென்ட் தொட்டி மீன்கள் என்ன, பழகிக்கொண்டனவா?


மாதவரம் மணி எழுதியது:

அண்ணே, இதுக்குப் போய் ஏன் இவ்வளவு யோசனை? மூச்சை அடக்கிப் பாருங்க, அரை நிமிஷத்தில் முட்டும். காற்று இல்லைன்னு மூளை சொல்லிடும். மீனுக்கும் அதே கதைதான்.


தொட்டிக்கடை எழுதியது:

மணி, மூளை சொல்கிறது, சரி. மூளைக்கு யார் சொன்னது?


மாடிக்காகம் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமானது இல்லை. இதற்குப் பதில் கண்டுபிடித்த மூவருக்கு 2019இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள். நான் நகரத்தில் ஒரு கல்லூரியில் முப்பத்தோரு வருஷம் விலங்கியல் நடத்தினேன். அந்த வருஷம் மே மாதம்தான் ஓய்வு பெற்றேன். அக்டோபரில் செய்தி வந்தபோது எனக்கு வந்த முதல் நினைப்பு, "அப்பாடா, இனி இதற்கு நோட்ஸ் தயாரிக்க வேண்டாம்" என்பதுதான். பிறகு வெட்கமாகிப் போய், உட்கார்ந்து படித்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன்.

முதலில் மணிக்கு. மூச்சை அடக்கினால் முட்டுவது ஆக்ஸிஜன் குறைவால் இல்லை, கார்பன் டை ஆக்சைடு சேர்வதால். மனிதருக்கு மூச்சை விரட்டும் முதல் சாட்டை அதுதான். ஆக்ஸிஜன் மட்டும் மெதுவாகக் குறைந்தால் நமக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொரோனா நேரத்தில் விரலில் மாட்டும் கருவி 80 காட்டியும் போனில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். மீன் கதை வேறு. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் சுலபமாகக் கரைந்து போய்விடும். ஆக்ஸிஜனுக்குத்தான் அங்கே பஞ்சம். ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனில் முப்பதில் ஒரு பங்குகூட ஒரு லிட்டர் தண்ணீரில் கிடையாது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம், 30 டிகிரியில் ஏழரை. வெயில் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் இறங்கும், மீனுக்குத் தேவை ஏறும். சென்னை மே மாதம் உங்கள் தொழிலுக்கு ஏன் சனி என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே மீன் மூச்சு விடுவதை நடத்துவதே பெரும்பாலும் ஆக்ஸிஜன் அளவுதான். அதன் செவுள்களில் இதற்கென்றே சில செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்ஸிஜன் குறைந்தால் அந்தச் செல்லின் தோலில் இருக்கும் பொட்டாசியம் வாசல் மூடிக்கொள்ளும், உள்ளே மின்னழுத்தம் மாறும், கால்சியம் நுழையும், நரம்புக்குச் செய்தி போகும். எல்லாம் சில நொடிகளில். இதயத் துடிப்பு குறையும், வாய் வேகமாக அடிக்கும், மீன் மேலே வரும். மேலே வருவது காற்றைக் குடிக்க இல்லை, தம்பி. காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய மேல்படலத் தண்ணீரில்தான் ஆக்ஸிஜன் அதிகம், அதை உறிஞ்சத்தான். உங்கள் ஃபைட்டர் மட்டும் நிஜமாகவே காற்றைக் குடிக்கும். அதற்குத் தலைக்குள் தனி உறுப்பு இருக்கிறது.

நமக்கும் இதற்குச் சமமான ஒன்று கழுத்தில் இருக்கிறது. காதுக்குக் கீழே தாடை முடியும் இடத்தில், தலைக்குப் போகும் ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி அளவில் ஒரு முடிச்சு. ஹேமன்ஸ் என்ற பெல்ஜியக்காரர் இதன் வேலையைக் காட்டி 1938 நோபல் வாங்கினார். முப்பத்தோரு வருஷமும் நான் நடத்தியது இதோடு சரி.

ஆனால் இது அவசர மணி. "ஒவ்வொரு செல்லுக்கும் தெரியும்" என்று உங்கள் மகள் சொன்னாளே, அது வேறு ஏற்பாடு. மெதுவானது, ஆழமானது. அங்கேதான் உங்கள் நல்ல கேள்வி வருகிறது. இல்லாதது எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் தினமும் காலை மாடிச் சுவரில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பேன். வைத்துவிட்டுக் கீழே வந்து காபி போட்டுவிட்டு மேலே போனால் சுவர் காலியாக இருக்கும். நான் காகத்தைப் பார்ப்பதே இல்லை. சோறு இல்லை என்றால் காகம் வந்துவிட்டது. ஒரு நாள் சோறு அப்படியே கிடந்தால்? உடனே தெரிந்துவிடும், இன்று காகத்தைக் காணோம் என்று. இல்லாததைக் காட்டுவது கிடக்கிற சோறு.

செல் செய்வதும் இதைத்தான். ஹிஃப் என்று ஒரு புரதம். ஒவ்வொரு செல்லும் அதை நாள் முழுக்கச் செய்துகொண்டே இருக்கிறது, கையோடு அழித்துக்கொண்டும் இருக்கிறது. ஆக்ஸிஜன் போதுமான அளவில் இருக்கும்போது அதன் ஆயுள் ஐந்து நிமிஷம்கூடக் கிடையாது. அழிக்கும் வேலைக்கு ஆக்ஸிஜனே வேண்டும், ரகசியம் அங்கேதான். ஒரு நொதி ஆக்ஸிஜனை எடுத்து அந்தப் புரதத்தின் மேல் இரண்டு இடத்தில் பொட்டு வைக்கும். பொட்டு வைத்த ஹிஃப்பை வி.எச்.எல். என்ற இன்னொரு புரதம் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும், செல்லுக்குள் இருக்கும் அரவை இயந்திரத்துக்குத் தள்ளிவிடும். ஆக்ஸிஜன் இல்லையா, பொட்டு இல்லை. பொட்டு இல்லையா, பிடிப்பார் இல்லை. ஹிஃப் சேர்ந்துகொண்டே போகும், உட்கருவுக்குள் நுழையும், 300க்கும் மேற்பட்ட மரபணுக்களை எழுப்பிவிடும்.

தினமும் செய்து தினமும் அழிப்பது வீண்தானே என்று என் மாணவிகள் கேட்டிருப்பார்கள். வீண்தான். ஆனால் அவசரம் வந்தபிறகு புதிதாகச் செய்ய ஆரம்பித்தால் நேரமாகும். அழிப்பதை நிறுத்தினால் போதும் என்றால் நிமிஷங்களில் கையில் இருக்கும். செல் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இந்த நொதியைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும், எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அது. அதன் பெயர்ச் சுருக்கம் பி.எச்.டி. (முனைவர் பட்டம் இல்லை, ஆனால் முறுக்கு அதே அளவு உண்டு.) செல்லுக்குள் ஆக்ஸிஜனை அதிகம் செலவழிப்பது மைட்டோகாண்ட்ரியா என்னும் அடுப்பு. அது பசித்த கூலியாள் மாதிரி, ஆக்ஸிஜன் கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிடும். சப்ளை பாதியானாலும் வேலையை நிறுத்தாது. ஆகவே ஆக்ஸிஜன் குறைவதை அடுப்பை வைத்துக் கண்டுபிடிக்க நினைத்தால், தெரியும்போது காரியம் கெட்டிருக்கும். பி.எச்.டி. அப்படி இல்லை. அது மாப்பிள்ளை முறுக்கு. பந்தியில் ஒரு வடை குறைந்தாலும் கையை இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிஜன் கொஞ்சம் இறங்கினால் அதன் வேகமும் கொஞ்சம் இறங்கும், இன்னும் இறங்கினால் இன்னும் இறங்கும். அடுப்பு அணைவதற்கு வெகுநேரம் முன்பே செல்லுக்கு விஷயம் தெரிந்துவிடுவது இந்த முறுக்கால்தான்.

ஹிஃப் எழுந்து என்ன செய்கிறது? முதலில் சமையலை மாற்றுகிறது. ஆக்ஸிஜன் இருந்தால் ஒரு சர்க்கரை மூலக்கூறிலிருந்து சுமார் முப்பது ஏ.டி.பி. கிடைக்கும், அதுதான் செல்லின் சில்லறைக் காசு. ஆக்ஸிஜன் இல்லாமல் என்றால் இரண்டே இரண்டு. அதனால் சர்க்கரையை அதிகம் உள்ளே இழுக்கும் கதவுகள், அதைச் சீக்கிரம் உடைக்கும் நொதிகள், இவற்றை அதிகரிக்கும். அடுப்புக்குப் போகும் எரிபொருளைத் திருப்பிவிட்டு, இருக்கும் ஆக்ஸிஜனைச் சிக்கனம் செய்யும். அடுத்து, அக்கம்பக்கத்து ரத்தக்குழாய்களை "இந்தப் பக்கம் ஒரு கிளை போடு" என்று கூப்பிடும். சிறுநீரகத்தில் என்றால் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து, எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்களைக் கூட்டும்.

உண்மையில் கண்டுபிடிப்பு தொடங்கியதே இந்தக் கடைசி விஷயத்தில்தான். செமன்சா என்ற அமெரிக்கர் எரித்ரோபொய்ட்டின் மரபணுவுக்குப் பக்கத்தில் யார் வந்து உட்காருகிறார்கள் என்று பார்த்துத்தான் 1992இல் ஹிஃப்பின் தடயத்தைப் பிடித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப் என்ற சிறுநீரக மருத்துவர் அதே மரபணுவைத் துரத்திக்கொண்டு வந்தார். கேலின் என்பவர் புற்றுநோய்க்காரர். அவருக்கு ஆக்ஸிஜனைப் பற்றிக் கவலையே இல்லை. வி.எச்.எல். கெட்டுப்போன குடும்பங்களில் ரத்தக்குழாய் நிறைந்த கட்டிகள் வருகின்றனவே, ஏன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 2001இல் கேலினும் ராட்கிளிஃபும் தனித்தனியாக அந்தப் பொட்டு விஷயத்தைக் கண்டுபிடித்தபோது எல்லா வழியும் ஒரே வாசலில் வந்து நின்றது.

இனி உங்கள் சிமென்ட் தொட்டி. ஆமாம், பழகிக்கொண்டிருக்கும். குறைந்த ஆக்ஸிஜனில் வாரக்கணக்கில் இருக்கும் மீனில் ஹிஃப் சொல்லும் மாற்றங்கள் நிலைத்துவிடும். சிவப்பணுவுக்குள் சில பொருள்கள் குறைந்து, ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். தண்ணீரில் கொஞ்சமே இருந்தாலும் பறித்துக்கொள்ளும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த நீரில் செவுள் இழைகளுக்கு நடுவே செல்களை நிரப்பி அடைத்து வைத்துக்கொள்ளும், ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த அடைப்பை எடுத்துவிட்டுப் பரப்பை விரிக்கும். ஆனால் நம் ஊர்ச் சூட்டில் அது ஏற்கெனவே விரிந்தேதான் இருக்கும், அதை இங்கே கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். உங்கள் சோதனையில் ஓட்டை இருக்கிறது. ஒரண்டா உருண்டை உடம்பு, தலையில் சதை, வளர்ப்பினம். மற்றது நாட்டு ரகம். தொட்டியின் ஆழம், மேல்பரப்பு, படிக்கு அடியில் இருந்த குளுமை, எல்லாம் வேறு. பழக்கம் ஒரு காரணம். அது ஒன்றேதான் காரணம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

கடைசியாக ஒரு கொசுறு. கோல்டு ஃபிஷ்ஷும் அதன் உறவான குருசியன் கெண்டையும் ஆக்ஸிஜன் அறவே இல்லாமல் போனால் மற்ற மீன்களில் அபூர்வமான ஒரு வேலை செய்யும். லாக்டிக் அமிலம் சேர்ந்து விஷமாகாமல் இருக்க அதைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியாக வெளியே விட்டுவிடும். ஐரோப்பாவில் பனிக்கட்டி மூடிய குளங்களில் குருசியன் கெண்டை மாதக்கணக்கில் இப்படித்தான் பிழைக்கிறது. அதன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் ஏறும். இங்கே வண்டி ஓட்ட வரம்பு 30. அண்ணா சாலையில் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்ளும். நம் ஊர் வெதுவெதுப்பான தண்ணீரில் இந்த வித்தை அதிக நேரம் தாங்காது, உடம்பு சர்க்கரையைச் சீக்கிரம் தின்று தீர்த்துவிடும்.


மாதவரம் மணி எழுதியது:

மேடம், நான் வாபஸ். மீன் சாராயம் காய்ச்சுது என்று தெரிந்திருந்தால் மூளையைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டேன்.


நைட் ஷிஃப்ட் எழுதியது:

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன், பதினோரு வருஷமாக. டீச்சர் காகத்தைப் பற்றி எழுதியதைப் படித்ததும் நாங்கள் தினமும் பார்க்கும் விஷயம் ஒன்று புதிதாகப் புரிந்தது.

எங்கள் யூனிட்டுக்கு வாரம் மூன்று நாள் ஒரு ஆட்டோக்காரர் வருவார். வந்த புதிதில் ஹீமோகுளோபின் 7க்குப் பக்கம். படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "ரத்தம் சுத்தம் பண்ணத்தானே வர்றேன், ரத்தம் ஏன் குறையுது?" என்று கேட்பார். சிறுநீரகம் கெட்டால் சிவப்பணு குறைவதற்கு முக்கிய காரணம், டீச்சர் சொன்ன அந்த எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன என்பது. சிறுநீரகம் தழும்பாக மாற மாற அந்தச் செல்களும் வேலையை மறந்துவிடுகின்றன. அதனால் ஊசியாகப் போடுகிறோம். நோயாளிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "ரத்த ஊசி".

இந்த ஊசிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பயிற்சியில் சொன்னார்கள், மறக்கவே இல்லை. 1977இல் இந்த ஹார்மோனை முதன்முதலில் சுத்தமாகப் பிரித்தெடுத்தபோது, ஜப்பானில் ரத்தசோகை நோயாளிகளிடமிருந்து சேர்த்த 2,550 லிட்டர் சிறுநீர் தேவைப்பட்டதாம். கிடைத்தது சில மில்லிகிராம். இப்போது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களே செய்து தருகின்றன.

சில வருஷங்களாக மாத்திரையும் வந்துவிட்டது. இந்தியாவில் 2022இல் டெசிடுஸ்டாட்டுக்கு அனுமதி கொடுத்தார்கள். அது ஹார்மோன் இல்லை. டீச்சரின் மாப்பிள்ளை முறுக்கு பி.எச்.டி. இருக்கிறாரே, அவரைக் கொஞ்ச நேரம் கட்டிப்போடும் மாத்திரை. ஆக்ஸிஜன் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் பொட்டு வைக்க ஆள் இல்லை. செல் "ஐயோ, காற்று போச்சு" என்று நினைத்துக்கொண்டு மிச்சம் மீதி இருக்கும் திறமையில் எரித்ரோபொய்ட்டினைச் சுரக்கிறது. காகத்தை விரட்டிவிட்டுச் சோற்றைக் கிடக்க விடுகிற வேலை.

டீச்சர், அப்படியானால் ஒரு சந்தேகம். மாத்திரை இல்லாமலேயே இப்படி ஏமாற வாய்ப்பு உண்டா? காகம் ஊரில் இருந்தும் சோறு கிடக்குமா?


மாடிக்காகம் எழுதியது:

கிடக்கும், தம்பி. போன வாரம்கூடக் கிடந்தது. எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டிருந்தார்கள், ஊர்க் காகம் மொத்தமும் அங்கே.

அந்த நொதியின் நடுவில் ஒரு இரும்பு அணு இருக்கிறது. ஆக்ஸிஜனைப் பிடிப்பது அதுதான். இரும்பைப் பிடுங்கிக்கொண்டால் வேலை நின்றுவிடும். கோபால்ட் கொடுத்தாலும் நொதி முடங்கிப்போகும், ஆய்வகத்தில் செல்லை ஏமாற்ற வேண்டுமென்றால் அது வளரும் திரவத்தில் கோபால்ட் குளோரைடைக் கலந்தாலே போதும். இந்த விவரம் எதுவும் தெரியாத காலத்திலேயே ரத்தசோகைக்கு கோபால்ட் கொடுத்துப் பார்த்தார்கள், சிவப்பணு ஏறத்தான் செய்தது. கூடவே வேறு தொல்லைகளும் வந்ததால் கைவிட்டார்கள். 1960களில் கனடாவின் கியூபெக்கில் நுரை கலையாமல் இருப்பதற்காக பீரில் கோபால்ட் சேர்த்ததில் மிகுதியாகக் குடித்தவர்கள் இதயம் கெட்டுச் செத்தார்கள், அவர்களில் சிலருக்குச் சிவப்பணுவும் ஏறியிருந்தது.

இன்னொரு வகை, பிடிக்கும் ஆளே இல்லாமல் போவது. கேலின் பார்த்த குடும்பங்கள் அதுதான். வி.எச்.எல். கெட்ட செல்லில் பொட்டு விழுந்தும் ஹிஃப் அழியாது. செல் நல்ல காற்றில் உட்கார்ந்துகொண்டே மூச்சு முட்டுவதாக நினைத்து ரத்தக்குழாய்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பான்மையான ஒரு வகை இந்தக் கோளாறோடுதான் வருகிறது. இப்போது ஹிஃப்பையே நேராக மறிக்கும் மருந்து வந்திருக்கிறது, 2021இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

நீங்கள் சொன்ன மாத்திரையிலும் மருத்துவர்கள் இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் கொடுப்பார்கள். ஹிஃப் எழுப்புவது எரித்ரோபொய்ட்டின் ஒன்றை மட்டும் இல்லையே. யாரும் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.


குறுவைக்காரன் எழுதியது:

சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, சொந்த ஊர் திருவாரூர்ப் பக்கம். மீன், மனிதன் எல்லாம் வந்துவிட்டது, நெல்லை விட்டுவிட்டீர்களே.

ஐப்பசி, கார்த்திகையில் வயல் மூழ்கினால் அப்பா வரப்பில் நின்றுகொண்டு நாளை எண்ணுவார். சாதாரண ரகம் ஒரு வாரத்தில் அழுகிவிடும். இப்போது எங்கள் பக்கம் சி.ஆர். 1009 சப்1 போடுகிறார்கள். இரண்டு வாரம்வரை தண்ணீருக்குள் கிடந்தும் வடிந்தபிறகு தளிர்க்கும். அந்த "சப்1" ஒடிசாவின் பழைய நாட்டு ரகம் ஒன்றிலிருந்து வந்தது, மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். அது செய்யும் வேலை வேடிக்கையானது. மற்ற நெல் தண்ணீரை விட்டு வெளியே வர உயர்ந்து உயர்ந்து, இருக்கும் மாவுச்சத்தைக் காலி செய்துவிடும். இது "வடியட்டும் பார்க்கலாம்" என்று வளராமல் சும்மா இருக்கும்.

டீச்சர், செடியிலும் இந்த ஹிஃப்தானா?


மாடிக்காகம் எழுதியது:

ஹிஃப் இல்லை, ஆனால் தந்திரம் அதேதான். அதுதான் என்னை அசத்துகிறது. செடியில் வேறு ஒரு புரதக் கூட்டம். அவற்றின் நுனியில் இருக்கும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை ஆக்ஸிஜன் கொண்டு ஒரு நொதி மாற்றும், மாற்றியது அழியும். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் அழியாமல் நின்று மரபணுக்களை எழுப்பும். 2011இல் தெரிய வந்தது. செடியும் விலங்கும் ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை, இரண்டும் தனித்தனியாக இதே விடைக்கு வந்திருக்கின்றன. உங்கள் சப்1 அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த புரதம்தான், ஆனால் இந்த அழிப்பிலிருந்து தப்பிக்கிற பிள்ளை.

அப்பாவிடம் சொல்லுங்கள், நெல் சும்மா இல்லை, காத்திருக்கிறது.


தொட்டிக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், மகளிடம் முழுக்கப் படித்துக் காட்டினேன். காகத்தைப் படம் வரைந்து நோட்டில் ஒட்டிவிட்டாள். அவளுக்கு ஒரு கேள்வி, எனக்கு ஒரு கேள்வி.

அவள் கேட்பது: பார்சல் கவரில் நாங்கள் தண்ணீர் கொஞ்சமாக வைத்துச் சிலிண்டரிலிருந்து சுத்த ஆக்ஸிஜன் அடித்து ரப்பர் பேண்ட் போடுகிறோமே, அப்போது ஹிஃப் அறவே இருக்காதா?

நான் கேட்பது: பழகினால் தாங்கும் என்றால், எல்லாத் தொட்டியிலும் ஏரைக் குறைத்துப் பழக்கிவிடலாமா? கரண்ட் பில்லும் குறையும்.


மாடிக்காகம் எழுதியது:

மகளுக்கு: சரியாகப் பிடித்தாள். மிகக் குறைவாக இருக்கும். ஆனால் கவருக்குள் மீனைக் கொல்வது பெரும்பாலும் ஆக்ஸிஜன் பஞ்சம் இல்லை, சேர்ந்துபோகும் கார்பன் டை ஆக்சைடும் அம்மோனியாவும். பார்சலுக்கு முன்னால் ஒரு நாள் பட்டினி போடுகிறீர்களே, அந்தப் பழக்கம் அதற்குத்தான். விடாதீர்கள்.

உங்களுக்கு: வேண்டவே வேண்டாம். குறைந்த ஆக்ஸிஜனில் மீன் பிழைக்கும், ஆனால் சரியாகத் தின்னாது, வளராது, முட்டை வைப்பதும் கெடும். சிக்கனம் என்றால் அது எல்லாவற்றிலும் சிக்கனம். மீதியான தீனி அழுகி அதுவும் ஆக்ஸிஜனைத் தின்னும். அறுபது மீன் பிழைத்தது உங்கள் சாமர்த்தியம் இல்லை, மோட்டார் மாற்றாத சோம்பேறித்தனம் ஒரே ஒரு ராத்திரிக்கு உதவியது, அவ்வளவுதான். பேட்டரி மோட்டார் வாங்குங்கள்.


தொட்டிக்கடை எழுதியது:

வாங்கிவிட்டேன் டீச்சர், பன்னிரண்டு. படிக்கு அடியில் இருந்த தொட்டிக்கும் புது மோட்டார் போட்டாயிற்று. மூன்று நாளாக அந்த மீன்கள் குமிழிப் பக்கமே போகாமல் மூலையில் ஒதுங்கி நிற்கின்றன.

நேற்று அயனாவரத்திலிருந்து ஒருவர் வந்து அந்த அறுபதையும் மொத்தமாக விலை கேட்டார். கொடுக்கவில்லை.